எந்தக் கம்பெனி?

அண்ணி கிளறிக் கொடுத்த கேரட் அல்வாவை நான் அந்தப் பையில் வைத்திருக்கக் கூடாது. வைத்ததோடு நிற்காமல் அதன் தலைமேல் ரேடியோவையும் உட்கார வைத்தேன். இடம் மிச்சமாகுமே என்ற எண்ணம்தான்.

2008 பிப்ரவரி. வடக்கே அண்ணன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அந்த ஊர் விமான நிலையத்தில் இருந்தவர்கள் அவர்கள் வேலையைத்தான் பார்த்தார்கள். கைப்பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. பெல்ட் நின்றது. இரண்டடி பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது, மறுபடி நின்றது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் தூக்கினார். அந்தக் கை தூக்கியதிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் ஒரு ஹாம். சாப்பிடுகிற ஹாம் இல்லை என்று முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டேன். மத்திய அரசு தேர்வு வைத்து உரிமம் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே சிற்றலையில் மற்ற ஹாம்களோடு பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. பிறகு என்னதான் பேசுவீர்கள் என்று என் மனைவி கேட்பாள். பெரும்பாலும் ரேடியோவைப் பற்றித்தான் பேசுவோம்.

அந்தப் பையில் இருந்தது நானே கட்டிய செட். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஊருக்கே கொடுத்த பிட்எக்ஸ். வெளிநாட்டு செட் வாங்க வழியில்லாத நம் ஊர் ஹாம்களை மனதில் வைத்துப் போட்ட சர்க்யூட் அது. அரிய சாமான் எதுவும் கேட்காது. ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுற்றினால் முக்கால்வாசி கிடைத்துவிடும். டிரான்சிஸ்டர்கள், டிவி ஆன்டெனாவில் போடுகிற பாலன் கோர், கம்ப்யூட்டர் போர்டுகளுக்கு வரும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கிரிஸ்டல் மட்டும் இருபது வாங்கினேன். எல்லாவற்றிலும் 10 என்றுதான் அச்சடித்திருக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒவ்வொன்றாக ஆஸிலேட்டரில் மாட்டி, அளந்து, துண்டுத்தாளில் எழுதி, ஒரே மாதிரி இருக்கும் ஐந்தைப் பொறுக்க இரண்டு ராத்திரி ஆனது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

கிடைக்காத சாமான் ஒன்று உண்டு. காயில் சுற்றுவதற்கான வளையம். ஃபெரைட்டிலோ இரும்புத் தூளிலோ செய்த அந்தக் குட்டி வளையங்கள் அப்போது நம் கடைகளில் சுலபத்தில் அகப்படாது. ஃபர்ஹான் அதற்கும் வழி சொல்லியிருந்தார்: தண்ணீர்க் குழாயில் போடுகிற வாஷர். அளவு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான், வட்டமாக இருக்கும், எனாமல் கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினால் காயில். குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடையில் ஆறு வாஷர் கேட்டேன். "குழாய் ஒழுகுதா சார்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நேரமாகும்.

எல்லாவற்றையும் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் அடக்கி, மூடிக்கு நான்கு ஸ்டார் ஸ்க்ரூ போட்டு, பழுப்பு பெயின்ட் அடித்தேன். ஆறு வாட் கொடுக்கும். பூஜை அறையில் எரியும் ஜீரோ வாட் பல்பு இழுப்பதில் பாதிகூட இல்லை.

போகும்போது எக்ஸ்ரேயில் ரேடியோவை யாரும் கண்டுகொள்ளவில்லை. பையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கைப்பையில் ஸ்க்ரூட்ரைவர் வைத்தது என் தப்பு. நல்ல ஸ்க்ரூட்ரைவர், அப்பா காலத்தது. அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நகவெட்டிகளுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் நடுவே விட்டுவிட்டுப் போனேன். பேட்டரியை வேண்டுமென்றே கொண்டுபோகவில்லை. பேட்டரியும் கம்பியும் ஒன்றாகப் போனால் வம்பு என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணன் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தது.

அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் பத்து மீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டினோம். மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சென்னை நண்பர் குரல் கேட்டது. ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அண்ணன், "செல்போன்ல கூப்பிட்டா இன்னும் தெளிவா இருக்குமேடா" என்றான். அண்ணன்கள் அப்படித்தான்.

சரி, அல்வாவுக்கு வருவோம்.

பையைப் பக்கத்து மேசைக்குக் கொண்டுபோனார்கள். "இது என்ன?" என்று இந்தியில் கேட்டார் காக்கிச் சீருடைக்காரர். எனக்குத் தெரிந்த இந்தி, தூர்தர்ஷன் கற்றுக்கொடுத்த இந்தி. "வயர்லெஸ் செட்" என்றேன். அதைவிட மோசமான ஒரு சொல்லை நான் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. வயர்லெஸ் என்றால் போலீஸிடம் இருப்பது. அவர் இடுப்பிலேயே ஒன்று இருந்தது. நிமிர்ந்து நின்றார். ரேடியோ என்று சொல்லியிருக்கலாம். அது பாட்டுக் கேட்கிற சாமான்.

"கம்பெனி?" என்றார்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னால் ஒரு குமிழ், ஒரு மைக் சாக்கெட், நான் மார்க்கர் பேனாவால் எழுதிய சில எண்கள். பின்னால் இரண்டு வயர். எங்கும் ஒரு பெயர் இல்லை.

"கம்பெனி கிடையாது. நான் செய்தது."

வேறு எந்த இடத்திலும் இந்த வாக்கியத்தைச் சொன்னால் ஒரு மரியாதை கிடைக்கும். அப்படியா, நீங்களேவா என்பார்கள். அங்கே அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, யாரையோ கூப்பிட்டார்.

தோளில் இரண்டு நட்சத்திரம் போட்டவர் வந்தார். பையை மறுபடி எக்ஸ்ரேயில் விடச் சொன்னார். இந்தத் தடவை நான் நின்ற கோணத்தில் திரை தெரிந்தது. பார்த்தேன். கீழே செங்கல் அளவுக்கு ஒரு கெட்டியான ஆரஞ்சுக் கட்டி. அதன்மேல் பச்சையும் நீலமுமாக ஒரு பலகை. மாத்திரைகளை அடுக்கிய மாதிரி வரிசையாக நான்கு கிரிஸ்டல். ஸ்பீக்கர் காந்தம் கருநீலமாக ஒரு வட்டம். ஓரத்தில் சுருண்டு கிடக்கும் மைக் வயர். வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு முனைகள். ஒவ்வொரு சால்டரையும் நான் வைத்தேன். எந்த ரெசிஸ்டர் எந்தக் கடையில் வாங்கியது என்றுகூடச் சொல்வேன். ஆனாலும் அந்தத் திரையில் அதைப் பார்த்தபோது, இதை யார் பைக்குள் வைத்தது என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது.

அந்த நிறக் கணக்கைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கரிமப் பொருள் ஆரஞ்சாகத் தெரியும், உலோகம் நீலம், இரண்டுக்கும் நடுவில் இருப்பது பச்சை. பிளாஸ்டிக் வெடிமருந்தும் ஆரஞ்சு. சோப்பும் சீஸும் ஆரஞ்சு. நெய்யும் சர்க்கரையும் கேரட்டும் போட்டு மூன்று மணி நேரம் சுண்டக் கிளறியதும் ஆரஞ்சு. அண்ணியின் கைப்பக்குவம், நடுவில் காற்றுப் புகாத அளவுக்குக் கெட்டி.

அந்த இளைஞர் முட்டாள் இல்லை. மீனம்பாக்கத்தில் 1984 ஆகஸ்ட் 2 இரவு பெட்டியில் வந்த குண்டு வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன், வீடு குரோம்பேட்டையில்தான். விடிந்ததும் தெருவில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். யாருடையது என்றே தெரியாத ஒரு பெட்டி என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வருஷம், 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா அட்லாண்டிக்குக்கு மேலே வெடித்து 329 பேர் போனார்கள். அதே நாளில் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்துச் சாமான் ஏற்றும் தொழிலாளிகள் இரண்டு பேர் இறந்தார்கள். சிதறல்களைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்தபோது குண்டு ஒரு சான்யோ ஸ்டீரியோ டியூனருக்குள் இருந்தது தெரிந்தது. 1988 டிசம்பரில் லாக்கர்பியில் 270 பேரைக் கொன்றது ஒரு தோஷிபா ரேடியோ கேசட்டுக்குள் உட்கார்ந்து போனது.

கவனித்தீர்களா? சான்யோ. தோஷிபா. இரண்டுமே கடையில் வாங்கிய, கம்பெனி பெயர் போட்ட, பளபளப்பான பெட்டிகள். நாசம் செய்ய நினைத்தவன் குழாய் வாஷரில் கம்பி சுற்றிக்கொண்டு மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நம்பிக்கை தரும் ஒரு பெட்டியைக் கடையில் வாங்கினான். இந்த வாதத்தை அன்று அந்த மேசையில் எடுத்து வைத்திருந்தால் இதை நான் வேறு இடத்திலிருந்துதான் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்ததும் வேறு. ஐந்து மாதம் முன்பு, 2007 செப்டம்பரில், அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவி ஸ்டார் சிம்ப்சன் பாஸ்டன் விமான நிலையத்துக்குத் தோழரை வரவேற்கப் போனார். சட்டையில் ஒரு பிரெட்போர்டு, நட்சத்திர வடிவில் சில பச்சை எல்.இ.டி., ஒரு 9 வோல்ட் பேட்டரி. துப்பாக்கியை நீட்டிக் கைது செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் யோசனை வேண்டாமா" என்று நானே நண்பர்களிடம் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

"திறங்க" என்றார் நட்சத்திரக்காரர்.

"ஸ்க்ரூட்ரைவர் இல்லை சார்."

"ஏன் இல்லை?"

"வரும்போது செக்யூரிட்டியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்."

மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்போ ஆன் பண்ணிக் காட்டுங்க."

"பேட்டரி இல்லை சார். கொண்டுவந்தால் தப்பு என்று..."

ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருகிப் பார்த்தேன். ஸ்டார் ஸ்க்ரூவில் நாணயம் எங்கே நிற்கும்? கடைசியில் அங்கே விளக்கு, மின்விசிறி பார்க்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். இடுப்பில் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் தொங்க, ஏணியிலிருந்து பாதியில் இறங்கி வந்த முகத்தோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, ஒவ்வொன்றையும் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. கழற்றிய ஸ்க்ரூவை மேசையில் உருள விடுகிறவர்களிடம் நான் சகவாசம் வைத்துக்கொள்வதில்லை.

மூடியைத் தூக்கினார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். அவர் விரல் ஒரு காயிலின் மேல் வந்து நின்றது. கம்பிக்கு இடையில் கருப்பாகத் தெரிந்ததை நகத்தால் தொட்டார்.

"இது குழாய் வாஷர்தானே?"

"ஆமாம்" என்றேன். அந்த ஊரில் அப்போது என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள்.

"சார், இது குழாய் வாஷர்" என்று அவர் நட்சத்திரக்காரரிடம் சொன்னார், சான்றிதழ் கொடுப்பதைப் போல. அதனால் விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வயர்லெஸ் செட்டுக்குள் குழாய் வாஷருக்கு என்ன வேலை என்று அவருக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம்தான். தூர்தர்ஷன் இந்தியில் தூண்டல் சுருளை விளக்க முயன்றேன். வளையம், கம்பி, வெளிநாட்டுச் சாமான், கிடைக்காது, அதனால் வாஷர். பாதியில் இந்தி தீர்ந்துபோய்க் கைதான் பேசியது. எலக்ட்ரீஷியன் நான் சொல்லாததையும் சேர்த்து மொழிபெயர்த்தார். வெளிநாட்டுச் சாமானுக்குப் பதில் உள்ளூர்ச் சாமானைப் போட்டு ஓட்டியிருக்கிறார் என்ற அந்த ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. அவரும் தினமும் அதைத்தானே செய்கிறார்.

உரிமத்தை எடுத்து நீட்டினேன். நாலு சிங்கம் முத்திரை கொஞ்சம் வேலை செய்தது. ஹாம் என்றால் நட்சத்திரக்காரருக்குத் தெரியவில்லை. சுனாமி என்றேன். 2004 டிசம்பரில் அந்தமானில் தொடர்பெல்லாம் அறுந்தபோது, போர்ட் பிளேரில் தற்செயலாகச் செட்டோடு இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணிதான் செய்திகளை வெளியே சேர்த்தார் என்பதை முடிந்த மட்டும் சொன்னேன். சுனாமி என்ற சொல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வெள்ளைத் துண்டைப் போர்டின் மூலைகளிலும் பையின் ஓரங்களிலும் துடைத்து, ஒரு கருவிக்குள் செருகிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

மிச்சம் அல்வா. டப்பாவைத் திறந்து, "சாப்பிடுங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் சர்க்கரை ஆரம்பித்திருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஸ்பூன் இல்லை. விரலால் ஒரு வாய் எடுத்துத் தின்றேன். போதாது, அடியிலிருந்து எடுங்கள் என்றார். தோண்டி எடுத்துத் தின்றேன். பின்னால் வரிசையில் நின்ற குழந்தை ஒன்று என்னைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாக இருந்ததா என்று கேட்டால், நன்றாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒரு பதிவேடு. பெயர், விமான எண், பொருள், தயாரிப்பாளர், மாடல், சீரியல் நம்பர். பொருள் என்ற கட்டத்தில் ரேடியோ என்று எழுதினேன், பாடம் கற்றாகிவிட்டது. தயாரிப்பாளர் கட்டத்தில் என் பெயரை எழுதப் போனேன். இளைஞர் தடுத்தார். பெயர் என்ற கட்டத்தில்தான் அதை ஏற்கெனவே எழுதிவிட்டீர்களே என்றார். ஒரே ஆள் எப்படி இரண்டு கட்டத்தில் வர முடியும்? மூன்று கட்டத்திலும் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பை அட்டையில் முத்திரை விழுந்தது. நெய் பிசுக்கோடு ஓடிப்போய் விமானத்தில் ஏறிய கடைசி ஆள் நான்தான்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கொடுத்ததும், "என்ன இது, யாரோ கையை விட்டுத் தோண்டின மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. ரேடியோவில் மைக் வயர் ஒன்று விட்டுப் போயிருந்தது. சால்டர் வைத்ததும் பேசியது.

அதற்குப் பிறகு நான் திருந்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூடிக்குக் கையால் திருகுகிற ஸ்க்ரூ போட்டேன். உட்பக்கம் சர்க்யூட் படத்தை ஒட்டினேன். இனிப்பு வேறு பையில். இதெல்லாம் யாரும் செய்கிறதுதான். நான் கூடுதலாக ஒன்று செய்தேன். திருவல்லிக்கேணியில் பெயர்த்தகடு செதுக்கும் கடைக்குப் போய், விரல் நீளத்தில் ஓர் அலுமினியத் தகடு செய்துகொண்டேன். அம்மா பெயரை முன்னால் போட்டு, பின்னால் எலக்ட்ரானிக்ஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு கம்பெனிப் பெயர். மாடல் 20-ஏ. சீரியல் நம்பர் 0417. 0001 என்று போட்டால் காட்டிக் கொடுத்துவிடும். கடைக்காரர், "புது யூனிட் ஆரம்பிக்கிறீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டி எத்தனையோ தடவை எக்ஸ்ரேக்குள் போய் வந்திருக்கிறது. உள்ளே அதே வாஷர், அதே கம்பி, அதே கோணல் சால்டர். எடுத்துப் பார்ப்பார்கள், தகட்டைப் படிப்பார்கள், கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும், "நல்ல கம்பெனியா?" என்று கேட்டார். சின்னக் கம்பெனி சார் என்றேன். ஹாம் நண்பர்கள் கூடுகிற இடத்தில் மட்டும் தகடு தெரியாமல் பெட்டியைத் திருப்பி வைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அண்ணன் மகனோடு விமானத்தில் போக வேண்டியிருந்தது. எஞ்சினியரிங் படிக்கிறான். பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து 18650 செல்கள் எடுத்து, ஆறு செல்லில் பவர்பேங்க் செய்து வைத்திருந்தான். சுத்தமான வேலை; என்னைவிடச் சால்டரிங் நன்றாகச் செய்கிறான். பவர்பேங்க் கைப்பையில்தான் வரலாம், 100 வாட்-ஹவர் வரை பிரச்சினை இல்லை என்ற விதியெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். மேசையில் நிறுத்தினார்கள். அவன் போர்டிங் பாஸின் பின்புறம் கணக்குப் போட்டான்: 3.7 வோல்ட், 2.6 ஆம்பியர்-ஹவர், ஆறு செல், மொத்தம் 57.7. எதிரே நின்ற பெண் அதிகாரி அதை நிதானமாகப் படித்தார்.

"கணக்கு சரிதான் தம்பி. இது மேல எங்க எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். அந்த அம்மா செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பழைய லித்தியம் செல் நடுவானில் பற்றிக்கொண்டால் கணக்குத்தாள் அணைக்காது. விமானத்தில் ஏறி பெல்ட் போட்டுக்கொள்ளும் வரை அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்.

"சித்தப்பா, உங்க ரேடியோல ஒரு தகடு இருக்கே, அது எங்க செஞ்சது?"

அந்தக் கடை இப்போது இல்லை என்றேன். இருக்கிறது. ஊர் திரும்பிய அன்று ராத்திரி பெட்டியை மேசையில் வைத்துத் தகட்டைக் கழற்றினேன். புது ஸ்க்ரூட்ரைவர், பிடி இன்னும் கைக்குப் பழகவில்லை. பெட்டி முழுக்க பெயின்ட் வெளுத்துக் கிடக்க, தகடு இருந்த இடத்தில் மட்டும் விரல் நீளத்துக்குப் பழுப்பு அப்படியே இருந்தது.